ஈய ஜிக்கில் பெயின்ட் பளபளத்தால் போதாது, வேகவும் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வார்த்த ஈய ஜிக்குகளுக்கு, அதாவது ஈய மண்டை வைத்த மீன்பிடி தூண்டில்களுக்கு, பவுடர் பெயின்ட் பூசுவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் ‘தூண்டில்’ பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தோம். வால்ஐ மீன் பிடிக்கும் பருவம் திறப்பதற்கு முன் பலரும் அச்சும் ஈயமுமாக உட்காருகிற நேரத்தில் வந்ததால் நல்லதுதான். ஆனால் சூடாக்கித் தூளில் முக்கி எடுத்தால் வேலை முடிந்தது என்று அதை நிறுத்திவிட்டீர்கள். அப்படிச் செய்த ஜிக், ஒன்ராறியோ ஏரியின் குவின்டி விரிகுடாவின் கல்லிலும் ஸீப்ரா சிப்பியிலும் நாலு தரம் தட்டினால் பெயின்ட் செதில் செதிலாகக் கழன்றுவிடும். பழியோ பவுடர் பெயின்ட்டின் தலையில் விழும்.

பவுடர் பெயின்ட் என்பது பிசினும் நிறமும் சேர்த்து அரைத்த தூள். அதற்கு இரண்டு கட்டம் உண்டு. முதலில் உருகிப் பரவும். அதற்குப் பெரிய சூடு வேண்டியதில்லை, சில விநாடிகளில் கண்ணாடிபோல் பளபளக்கும். பார்ப்பவர் முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடம் இதுதான். அந்த நிலையில் அது குளிர்ந்து உறைந்த பிசின் மட்டுமே, தட்டினால் உடையும். பிசினின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவது, அதாவது வேகுவது, இரண்டாவது கட்டம். அதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும்; அதனால் அவண்ணில் வைக்க வேண்டும். ஜிக்குக்கென்று விற்கிற தூள்கள் பெரும்பாலானவற்றுக்கு 350 பாகை ஃபாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 177 பாகை செல்சியஸ், 15 முதல் 20 நிமிடம். டப்பாவில் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ஈயம் உருகுவது 327 பாகை செல்சியஸில் என்பதால் ஜிக்குக்கு ஆபத்தில்லை.

ஆபத்து வருவது அவண்ணால். சிறிய டோஸ்டர் அவண்களின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பவே கூடாது. உள்ளே 25, 50 பாகை ஏறி இறங்கும். சில டொலருக்குக் கிடைக்கும் அவண் வெப்பமானி ஒன்றை ஜிக்குகள் தொங்கும் உயரத்திலேயே வையுங்கள். சிவந்து எரியும் கம்பிக்கு மிக அருகே தொங்கும் ஜிக்கின் மண்டை உருகி விழுந்ததும் உண்டு, வெள்ளை பெயின்ட் மஞ்சளித்ததும் உண்டு. கம்பிக்கும் ஜிக்குக்கும் இடையே குறைந்தது மூன்று அங்குலம் விடுங்கள், அல்லது நடுவே ஒரு தகரத் தட்டை மறைப்பாக வையுங்கள். கதவைத் திறந்து ஜிக்குகளை மாட்டும்போது சூடு இறங்கிவிடும். அதனால் நிமிடக் கணக்கை, மாட்டிய நேரத்திலிருந்து தொடங்காமல், வெப்பமானி மறுபடியும் 350 காட்டிய பிறகு தொடங்குங்கள்.

வெந்ததா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. ஆறிய ஜிக்கை அசிற்றோன் கரைப்பான் தொட்ட பஞ்சால் பத்துத் தரம் தேயுங்கள். பஞ்சில் நிறம் நன்றாக இறங்கி, மேற்பரப்பும் பிசுபிசுத்தால் வேகவில்லை. திரும்ப அவண்ணுக்குள் போடலாம். இன்னொரு ஜிக்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வெந்த பூச்சு ஈயத்தோடு சேர்ந்து நசுங்கும். வேகாதது சில்லுச் சில்லாகப் பறக்கும்.

இனி, முக்கும் வேலை. கட்டுரையாளர் மெழுகுதிரியில் சூடாக்கச் சொல்கிறார். மெழுகுதிரியின் கரி ஈயத்தில் படியும், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது; வெள்ளையும் மஞ்சளும் அழுக்காகத் தெரியும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் நல்லது. தூண்டிலின் வளைவைப் பூட்டு இடுக்கியால் பிடித்து, சூட்டை மண்டையில் மட்டும் காட்டித் திருப்பிக்கொண்டே இருங்கள். கால் அவுன்ஸ் ஜிக்குக்குப் பத்துப் பதினைந்து விநாடி தாராளம். எரிவாயுச் சுவாலை தூண்டிலின் தண்டில் நேரே பட்டால் உருக்கு நீலம் பாயும். பிறகு பெரிய மீன் இழுக்கும்போது நிமிர்ந்துவிடும்.

சூடு சரியா என்பதைத் தூளே சொல்லும். முக்கி எடுத்ததும் மங்கலாக, தோடம்பழத் தோல்போல் புள்ளி புள்ளியாக இருந்து, ஹீட் கன்னை ஒருமுறை காட்டியதும் பளபளத்தால் அளவு சரி. தூளில் பட்டவுடனேயே உருகி ஓடினால் சூடு கூடிவிட்டது; தடிப்பாக ஒட்டி, அவண்ணில் மூக்கு நுனிக்கு இறங்கித் துளியாக உறையும். தூள் ஒட்டாமல் உதிர்ந்தால் சூடு போதவில்லை. தடித்த பூச்சு உறுதியானது என்று நினைப்பது தவறு. தடித்ததுதான் முதலில் உடையும், கொப்புளமும் அதில்தான் வரும்.

டப்பாவின் அடியில் அமுங்கிக் கிடக்கும் தூளுக்குள் ஜிக்கைக் குத்தி எடுப்பவர்களுக்குப் பூச்சு கட்டி கட்டியாகத்தான் வரும். தூளுக்குள் காற்று இருக்க வேண்டும். மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு பம்ப், காற்றைக் குறைக்கக் குழாயில் ஒரு வால்வு, இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டு, அதன் அடியில் இறுக்கி ஒட்டிய கோப்பி வடிகட்டித் தாள், தாளுக்குக் கீழே காற்று நுழையும் மூடிய அறை: இவ்வளவும் இருந்தால் தூள் மிதக்கும் படுக்கை தயார். இரண்டு அங்குல உயரத்துக்குத் தூள் போட்டு வால்வை மெல்லத் திறந்தால், உலையில் கஞ்சி தளதளப்பதுபோல் மேற்பரப்பு அசைய வேண்டும். ஒரே இடத்தில் குழி விழுந்து ஊதினால் தூள் ஈரம் பிடித்திருக்கிறது, அல்லது தாள் ஒரு பக்கம் அடைத்திருக்கிறது. குழாயின் பக்கத்தைத் தட்டுங்கள். சரிவராவிட்டால் தூளைச் சல்லடையில் அரியுங்கள். தூள் புகையாக மேலே எழுந்தால் காற்று அதிகம். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, தீப்பற்றவும் கூடும். படுக்கைக்கு அருகே மெழுகுதிரியோ ஸ்பிரிட் விளக்கோ எரியக் கூடாது. ஒரு விநாடிக்குள் உள்ளே விட்டு வெளியே எடுத்து, இடுக்கியை ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

ஜிக்கின் கண், அதாவது நூல் கட்டும் வளையம், அடைபட்டால் அவண்ணுக்குப் போகும் முன்பே, பெயின்ட் இளகியிருக்கும்போதே, மெல்லிய கம்பியால் திறந்துவிடுங்கள். வெந்தபின் துளைத்தால் கண்ணைச் சுற்றிப் பூச்சு வெடித்து, அங்கிருந்தே உரியத் தொடங்கும். தூண்டிலில் புல் சிக்காமல் தடுக்கும் நார் செருகும் துளை இருந்தால், பூசும் முன் டெஃப்லான் குச்சி ஒன்றால் அடைத்துவிடலாம். பெயின்ட் அதில் ஒட்டாது.

சாட்ரூஸ் (மஞ்சள்பச்சை), தோடை போன்ற ஒளிரும் நிறங்களை வெறும் ஈயத்தின்மேல் பூசினால் சேற்றுநிறமாகத்தான் தெரியும், ஏனென்றால் அவை பாதி ஒளிபுகும் நிறங்கள். கீழே மெல்லிய வெள்ளை வேண்டும். வெள்ளையை முழுதாக வேகவைக்க வேண்டாம். பளபளத்ததும் இரண்டாம் நிறத்தைப் பூசி, இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் வேகவைத்தால் நன்றாகப் பிணையும். முதுகு மட்டும் வேறு நிறமாக வேண்டுமென்றால் மென்மையான தூரிகையில் தூளைத் தொட்டு, சூடான ஜிக்கின்மேல் தூரிகையை விரலால் சுண்டுங்கள். மீன்கண் வரைவதும் எபோக்ஸிப் பிசின் பூசுவதும் வெந்து ஆறிய பிறகுதான்.

பூசுமுன் மண்டையை ஸ்பிரிட்டில் துடைத்து, பிறகு விரல் படாமல் வைத்திருந்தால் போதும். பழைய ஈயத்தில் படியும் வெண்மையைப் போக்க வினாகிரியில் ஊறவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஈயமும் வினாகிரியும் சேர்ந்தால் நீரில் கரையும் ஈய உப்பு உண்டாகும், அது நஞ்சு. வார்த்த சில நாட்களுக்குள் பூசிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வார்ப்பின் விளிம்பை அரத்தால் ராவும்போது பறக்கும் தூசியைப் பற்றிக் கட்டுரை வாயே திறக்கவில்லை. முகமூடி போட்டு, தாள் விரித்து, வீட்டுக்கு வெளியே ராவி, இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இந்த வேலையே கூடாது.

இன்னொரு திருத்தம். பெயின்ட் பூசினால் ஈயத்தால் பறவைகளுக்குக் கேடில்லை என்று ஒரு வரி வந்திருந்தது. அது சரியல்ல. நமது ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவை ஜிக்கை விழுங்கினால், அதன் அரைவைப்பையில் உள்ள கற்களும் அமிலமும் எந்தப் பூச்சையும் தேய்த்துவிடும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக்குண்டும் ஈய ஜிக்கும் கையில் வைத்திருப்பதே தடை. ஒன்ராறியோவில் பொயின்ட் பீலிக்கும் ஜோர்ஜியன் பே தீவுகளுக்கும் இது பொருந்தும். நியூ ஹாம்ஷயர் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு அவுன்ஸும் அதற்குக் கீழும் எடையுள்ள ஈய ஜிக்குகளுக்கு நன்னீரில் தடை.

அதனால் பலர் பிஸ்மத்–வெள்ளீயக் கலவைக்கு மாறுகிறார்கள். அவர்களும் இதே 350 பாகையில் வைத்துவிடக் கூடாது. பரவலாக விற்கும், 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 138 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அவண்ணைத் திறந்தால் வெறும் தூண்டில் மட்டும் தொங்கும், மண்டைகள் தட்டில் குளமாகக் கிடக்கும். அதற்குக் காற்றில் உலரும் பெயின்ட்டும் மேலே எபோக்ஸியும்தான் வழி. சுத்த வெள்ளீயம் 232 பாகை செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் பவுடர் பெயின்ட்டுக்கு ஒத்துவரும், ஆனால் ஒரே அச்சில் வார்த்தால் ஈயத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். 3/8 அவுன்ஸ் வேண்டுமென்றால் 1/2 அவுன்ஸுக்குச் சற்றுப் பெரிய குழியில் வார்க்க வேண்டும்.

கட்டுரையோடு வந்த படத்தில் ஜிக்குகள் சமையலறை அவண்ணில், ரொட்டி சுடும் தட்டின்மேல் தொங்குகின்றன. ஈயம் நுழைந்த அவண்ணில் பிறகு உணவு சமைக்கவே கூடாது. பழைய டோஸ்டர் அவண் ஒன்றைக் கராஜில் இதற்கென்றே ஒதுக்கி, கராஜ் கதவைத் திறந்துவைத்து வேலை செய்ய வேண்டும். அடுத்த இதழில் இந்த ஒன்றையாவது பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜிக் வார்க்கும் வாசகர்கள் சிலர்,
ஸ்காபரோ