மரத்தடிப் படம் மட்டும்தான் எங்கள் கிறிஸ்துமஸா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் பொங்கல் நெருங்கும்போதுதான் என் கைக்கு வந்தது. வெளிநாட்டுத் தமிழர் பற்றிய கட்டுரையில், வளைகுடாவில் இருப்பவர்களின் கிறிஸ்துமஸ், ஷாப்பிங் மாலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஒரு படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் எந்த ஊரில், யார் வீட்டில் இதைப் பார்த்தார் என்று கட்டுரை முழுக்கத் தேடினேன். அது எங்கும் இல்லை.

நாங்கள் கத்தாரில், தோஹாவில் இருக்கிறோம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். இங்கே டிசம்பர் 18 தேசிய தினம். ஊரெல்லாம் கொடியும் விளக்குமாக இருக்கும், எல்லாருக்கும் விடுமுறை. அடுத்த வாரம் வரும் 25 சாதாரண வேலை நாள். வார விடுமுறை வெள்ளி, சனி என்பதால் பண்டிகை அந்த நாட்களில் விழுந்தால்தான் உண்டு. 2020-இல் வெள்ளிக்கிழமையாகத்தான் வந்தது, ஆனால் அந்த வருடம் பார்த்துக் கொரோனா. 2024-இல் புதன்கிழமை. என் கணவர் விடியும் முன்பே டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார். முன்பு ஒருமுறை அரை நாள் லீவு கேட்டதற்கு, "இந்தியர்களுக்குத் தீபாவளிக்கே கொடுத்தாயிற்றே" என்று மேலாளர் சொல்லிவிட்டார். இரவு எட்டு மணிக்கு வீடு வந்த மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். அதுதான் எங்கள் கிறிஸ்துமஸ் விருந்து.

எங்கள் பக்கம் நாகர்கோவில் கோட்டாறில் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதி முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறிவிடும், பிள்ளைகள் இயேசு பிறந்த குடில் கட்ட வைக்கோலும் களிமண்ணும் தேடி அலைவார்கள். இங்கே வழிபாட்டு இடத்துக்கு வெளியே எங்கள் சின்னங்கள் தெரியக் கூடாது. அதனால் எங்கள் நட்சத்திரம் ஹாலுக்குள்ளே, திரைச்சீலைக்கு உள்பக்கம்தான் தொங்கும். இதை நான் இந்த நாட்டின் மேல் குறையாகச் சொல்லவில்லை. மன்னர் கொடுத்த நிலத்தில்தான் எங்கள் செபமாலை மாதா கோயில் 2008-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு வீடுகளிலும் வாடகை இடங்களிலும் கூடி செபித்ததை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மெசைமீர் பகுதியில் ஒரே சுற்றுச்சுவருக்குள் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், ஆர்த்தடாக்ஸ் என்று எல்லாருக்கும் கோயில்கள் உண்டு. வெளியே சிலுவை கிடையாது, மணியோசையும் கிடையாது. உள்ளே போனால் தமிழ், மலையாளம், கொங்கணி, தகாலோக், அரபி என்று எல்லா மொழியும் கேட்கும்.

24-ஆம் தேதி சாயங்காலம் அங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் கட்டுரையாளரை. வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். தொழிலாளர் கேம்பிலிருந்து வாகனம் பிடித்து வரும் பையன்கள் ஷிஃப்ட் முடிந்து குளித்தும் குளிக்காமலும் வந்து நிற்பார்கள். குடும்பத்தை அழைத்து வர இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று விதி இருப்பதால், இங்கிருக்கும் நம் ஆண்களில் பெரும்பாலோர் தனியாள்கள். உள்ளே இடம் கிடைக்காமல் வெளியில் நின்றே பூசை கண்டு, குடிலுக்கு முன்னால் முழங்காலிட்டுவிட்டு, காலை வேலைக்குத் திரும்புகிறவர்கள். அவர்களுக்காகத்தான் நானும் எங்கள் பக்கத்துப் பெண்களும் ஒரு வாரமாக முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டுக் கட்டிக் கொடுக்கிறோம். அந்தப் பையன்களில் யார் மரத்தடியில் படம் எடுத்தான் என்று எழுதினீர்கள்? இங்கே பெரிய மரம் வைப்பது பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்கள். அங்கே ஒரு காப்பி குடிக்கவே நாங்கள் யோசிப்போம்.

இந்தியாவில் நள்ளிரவு ஆகும்போது இங்கே மணி ஒன்பதரை. ஊர்க் கோயிலில் குழந்தை இயேசு சுரூபத்தைக் குடிலில் வைக்கும் நேரத்தில் என் மாமியார் போனைத் தூக்கிப் பிடிப்பார். அந்த மணிச் சத்தத்தை நாங்கள் கேட்டாக வேண்டும். ஊருக்கே போய் வரலாமே என்பீர்கள். டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு விமானக் கட்டணம் எப்படி ஏறும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. நாலு பேருக்கு அந்தப் பணம் இருந்தால் ஒரு வருடப் பள்ளிக் கட்டணத்தில் பாதி கட்டிவிடலாம்.

சொல்ல ஆரம்பித்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளி மலர் எத்தனை கனமாக வருகிறது! அதில் எனக்குப் பொறாமை இல்லை, ஆசையாகப் படிக்கிறவள்தான். கிறிஸ்துமஸ் என்றால் மட்டும் ஒரு கேக் செய்முறை, ஒரு நடிகையின் பேட்டி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து எங்கள் கரையில் எத்தனை வீடுகளில் ஆண் பிள்ளைகள் கடலிலிருந்து திரும்பவில்லை. அந்த டிசம்பரில் எங்கள் ஊரில் நட்சத்திரமே கட்டவில்லை. இங்கே கோயிலில் துண்டு விரித்துப் பணம் சேர்த்தோம். தங்கள் சிறப்பிதழில் அந்த வருடமும் ப்ளம் கேக்தான் வந்தது.

கட்டுரை முழுக்க ஏதோ மேல்நாட்டுப் பண்டிகையை நாங்கள் இரவல் வாங்கிக் கொண்டாடுகிறோம் என்ற தொனி. சவேரியார் எங்கள் கரையில் நடந்தது 1544-இல். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் முதலில் அச்சான புத்தகம், 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட கிறிஸ்தவ ஞானோபதேசப் புத்தகம். பத்திரிகை நடத்தும் தங்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. அந்த வரிக்கு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். அடுத்த முறை சிறப்பிதழை நவம்பர் கடைசியிலேயே தபாலில் சேர்த்து, வெளிநாட்டு வாசகர் கடிதங்களுக்கு அதில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கேம்பில் இருக்கும் பையன்களிடம் எழுதி வாங்கி அனுப்புவது என் பொறுப்பு.

இப்படிக்கு,
பல வருடச் சந்தாதாரர்,
தோஹா, கத்தார்