வியன்னாவில் ஒரு மணி நேரம் கிடைத்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியச் சுற்றுலா பற்றிய கட்டுரைகளில் வியன்னா என்றாலே அரண்மனையும் இசையும்தான். ஸ்டீபன் பேராலயத்தின் முன் குழுவினரை இறக்கிவிட்டு, கடை பார்க்க ஒரு மணி நேரம் கொடுப்பார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிறது யூடன்பிளாட்ஸ் சதுக்கம். அதைச் சொல்பவர்கள் குறைவு. சொல்பவர்களிலும் சிலர், நாஜிகள் இடித்த யூத ஜெப ஆலயத்தின் மேல் எழுந்த நினைவுச்சின்னம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு.

அங்கிருந்த ஜெப ஆலயம் இடிக்கப்பட்டது 1421-இல். அன்று ஆஸ்திரியாவை ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் கோமகனின் ஆணைப்படி யூதர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஏழைகளைப் படகுகளில் ஏற்றி டான்யூப் ஆற்றில் விரட்டினார்கள். எஞ்சியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் 1421 மார்ச் 12 அன்று எர்ட்பெர்க்கில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். ஆலயத்தின் கற்கள் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குப் போயின. சதுக்கத்தின் நடுவே இன்று நிற்கும் கான்கிரீட் சின்னமோ 1938 முதல் 1945 வரை நாஜிகளால் கொல்லப்பட்ட 65,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரிய யூதர்களுக்கானது. இரண்டு அழிவுகளுக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. இது தெரியாமல் போனால் அங்கே பார்ப்பது பாதி கூடப் புரியாது.

அதனால் சின்னத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் 2-ஆம் எண் வீட்டின் சுவரை அண்ணாந்து பாருங்கள். யோர்தான் ஆற்றில் இயேசு திருமுழுக்குப் பெறும் புடைப்புச் சிற்பமும் அதன் கீழே லத்தீன் வரிகளும் இருக்கும். நீர் பாவத்தைக் கழுவுவதுபோல் 1421-இல் தீ இந்நகரைத் தூய்மைப்படுத்தியது என்று, எரித்துக் கொன்றதைப் புகழ்கிற வரிகள் அவை. யூதர்களை ‘நாய்கள்’ என்றே அதில் பொறித்திருக்கிறார்கள். அதைப் பெயர்த்தெடுக்காமல் விட்டது சரி என்றே கருதுகிறேன். சுவரில் இருக்கும்வரை யாரும் மறுக்க முடியாது. 1998-இல் கத்தோலிக்கத் திருச்சபை அதே சதுக்கத்தில் வருத்தம் தெரிவிக்கும் கல்வெட்டு ஒன்றை வைத்தது. அதையும் தேடிப் படியுங்கள்.

அடுத்து 8-ஆம் எண்ணில் உள்ள அருங்காட்சியகம். 1995 முதல் 1998 வரை நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட ஆலயத்தின் அடித்தளம் நிலத்துக்கு அடியில் அப்படியே இருக்கிறது. ஆண்கள் தொழுத கூடம், அதை ஒட்டிப் பெண்களுக்கான சிறிய அறை, நடுவே மறைநூல் வாசிக்கும் அறுகோண மேடையின் அடிக்கற்கள். இந்த மேடைக்கு நேர் மேலே சின்னம் அமையக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பால்தான் அதன் இடத்தை ஒரு மீட்டர் அளவு நகர்த்தினார்கள். கீழே இறங்கிப் பார்க்காதவர்களுக்கு அந்த ஒரு மீட்டரின் பொருள் விளங்காது.

இப்போது மேலே வாருங்கள். நாஜிக் குற்றவாளிகளைத் தேடிக் கண்டுபிடித்த சைமன் வீசெந்தாலின் முயற்சியால் உருவாகி, 2000 அக்டோபர் 25 அன்று திறக்கப்பட்ட இச்சின்னம் பிரிட்டிஷ் சிற்பி ரேச்சல் வைட்ரீடின் படைப்பு. நீளம் 10 மீட்டர், அகலம் 7, உயரம் 3.8. உள்ளும் புறமும் புரட்டிப்போட்ட நூலகம் அது. புத்தகங்களின் முதுகு உட்பக்கம் இருப்பதால் தலைப்பு எதையும் படிக்க முடியாது. கதவுகளுக்குக் கைப்பிடி இல்லை. நுழைவாயிலைத் தேடிச் சுற்றி வந்து, மூடியிருக்கிறது என்று திரும்பிவிடுபவர்கள் உண்டு. அது திறப்பதற்கான கதவே அல்ல.

சுற்றியுள்ள பீடத்தில் தயவுசெய்து உட்காராதீர்கள், பையை வைக்காதீர்கள். கொலைக்களங்களின் பெயர்கள் அங்கேதான் பொறிக்கப்பட்டுள்ளன. ஆஷ்விட்ஸ் நாம் அறிந்த பெயர். மாலி திரோஸ்தினெட்ஸ் என்ற பெயரையும் தேடுங்கள். பெலாரஸின் மின்ஸ்க் அருகே உள்ள அந்த இடத்தில்தான் ஆஸ்திரிய யூதர்கள் மிக அதிகமாகக் கொல்லப்பட்டார்கள். அஞ்சலி செலுத்த விரும்பினால் ஒரு சிறு கூழாங்கல்லை வையுங்கள். பூவை விடக் கல் வைப்பதே யூதர்களின் வழக்கம்.

சின்னத்தை எந்நேரமும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமையும் சில யூதப் பண்டிகை நாட்களிலும் விடுமுறை. வெள்ளிக்கிழமை சீக்கிரம் மூடிவிடுவார்கள். குழுவின் வியன்னா நாள் சனிக்கிழமையில் விழுந்தால் நிலத்தடிப் பகுதி கிடைக்காது என்பதை முன்பதிவின்போதே பாருங்கள். டொரோதேர்காஸேயில் உள்ள யூத அருங்காட்சியகம் வேறு, இது வேறு. டாக்சி ஓட்டுநரிடம் ‘யூத மியூசியம்’ என்று மட்டும் சொன்னால் அங்கே கொண்டு விட்டுவிடுவார். மெட்ரோவில் வருவோர் யூ1 அல்லது யூ3 பாதையில் ஸ்டீபன்ஸ்பிளாட்ஸில் இறங்கி, கிராபன் தெரு வழியாக நடக்கலாம்.

நாஜிகள் அழித்த ஜெப ஆலயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் நெஸ்ட்ராய்பிளாட்ஸ் நிலையம் அருகே டெம்பெல்காஸேக்குப் போங்கள். 1938 நவம்பரில் எரிந்த பெரிய ஆலயத்தின் உயரத்தைக் காட்டும் நான்கு வெள்ளைத் தூண்கள் மட்டும் அங்கே நிற்கின்றன. அந்த நவம்பரில் தப்பியது சைட்டன்ஸ்டெட்டன்காஸேயில் உள்ள 1826-ஆம் ஆண்டு ஆலயம். வீடுகளோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்ததால் தீ வைத்தால் தெருவே எரியும் என்று விட்டார்கள், உட்புறத்தைச் சூறையாடினார்கள். அங்கே வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி. பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி