ஜெபக் கடிதத்தில் எழுதாததை எனக்கு எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் மறுபடியும் குரல் உயர்ந்துவிடுமோ என்று பயந்துதான் பேனாவை எடுத்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால், வெளிநாட்டில் ஒரு மிஷனெரிப் பயிற்சிப் பள்ளிக்கு ஸ்டாஃபாகப் போகிறேன் என்று நீ சொன்னதும், "சம்பளமே இல்லாத வேலைக்கு ரெண்டு வருஷமா? அதுக்கு நாம வேற பணம் கட்டணுமா?" என்று கேட்டுவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கேட்ட கேள்வி நியாயமானதுதான் என்று இன்னமும் நினைக்கிறேன். போனைக் கொடுத்தது நியாயமில்லை. மன்னித்துக்கொள்.

நீ மாணவியாகப் போயிருந்த ஆறு மாதம் எனக்கு எளிதாகப் புரிந்தது. சீஷத்துவப் பயிற்சி, மூன்று மாதம் வகுப்பு, வாரத்துக்கு ஒரு போதகர் வந்து பாடம் எடுப்பார், அப்புறம் இரண்டு மூன்று மாதம் குழுவாக வேறொரு இடத்துக்கு அவுட்ரீச், அதாவது வெளி ஊழியம். ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு, திரும்பி வரும் தேதி உண்டு. ஸ்டாஃப் என்பதுதான் பிடிபடவில்லை. மாணவர்கள் வகுப்புக்குப் பணம் கட்டுகிறார்கள் என்றால் சரி, அந்த வகுப்பை நடத்துகிறவர்களும் தங்கவும் சாப்பிடவும் கட்ட வேண்டுமாம். இது என்ன கணக்கு என்று உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

நீ சேரப்போகிற யூத் வித் எ மிஷன், லோரன் கன்னிங்ஹாம் 1960-ல் தொடங்கிய மிஷனெரி அமைப்பு, அதில் பொதுவாக இதுதான் வழக்கம் என்று தெரிந்துகொண்டேன். ஊழியர் யாரானாலும் சம்பளம் கிடையாது, அவரவரைத் தாங்குகிறவர்களை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். அதற்கும் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே, 1865-ல் ஹட்சன் டெய்லர் சீன உள்நாட்டு மிஷனை ஆரம்பித்தபோதும் நிச்சயச் சம்பளம் இல்லை என்றுதான் ஆள் சேர்த்தார். யாரிடமும் பணம் கேட்கவும் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. வங்காளத்துக்கு மிஷனெரியாக வந்த வில்லியம் கேரி வேறு மாதிரி. ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பாதித்ததைப் பெரும்பாலும் மிஷனுக்கே கொடுத்தார். அப்போஸ்தலன் பவுல் பிழைப்புக்குக் கூடாரம் தைத்தார். பிலிப்பி சபை அனுப்பியதையும் வாங்கிக்கொண்டார். ஆக, நீ போகிற வழி நேற்று யாரோ கண்டுபிடித்ததில்லை. என் வாயை அடைக்க இவ்வளவு போதும்.

கேட்காமல் இருப்பதா, கேட்பதா என்பதில் என் எண்ணத்தைச் சொல்கிறேன். கேட்பதில் வெட்கம் இல்லை. மழுப்பலாகக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்காது. "கர்த்தர் ஏவினபடி தாங்குங்கள்" என்று மட்டும் எழுதாதே. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் இவ்வளவு, மருத்துவக் காப்பீடு இவ்வளவு, விசாவுக்கு இவ்வளவு, திரும்பி வரும் டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று எழுது. திரும்பி வரும் டிக்கெட் பணத்தை முதல் மாதமே தனியாக ஒரு கணக்கில் போட்டு வை. எந்த ஊழியத் தேவை வந்தாலும் அதைத் தொடாதே. கொரிந்துவில் சேர்ந்த காணிக்கையைப் பவுல் தனியாக எடுத்துப் போகவில்லை, குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று கூட ஆட்களை வைத்துக்கொண்டார். அப்போஸ்தலனுக்கே அந்த ஜாக்கிரதை வேண்டியிருந்தது.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம்.

பதினான்கு வருடமாக நம் சபையின் மிஷனெரிக் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். தங்களைத் தாங்குகிறவர்களுக்கு மிஷனெரிகள் எழுதி அனுப்புகிற ஜெபக் கடிதங்களை மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறவன் நான். எத்தனை வாசித்திருப்பேன் என்று கணக்கில்லை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஸ்தோத்திரத்தில் ஆரம்பிக்கும், சீதோஷ்ணம் பற்றி ஒரு வரி இருக்கும், கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை வரும், கண்ணீரோடு மனந்திரும்பிய ஒருவரின் சாட்சி வரும், முடிவில் மூன்று ஜெபக் குறிப்புகள். அதில் ஒன்று கண்டிப்பாக வாகனம் பற்றியதாக இருக்கும். கிண்டல் செய்யவில்லை, அந்த வாகனத்துக்காக நானும் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறேன்.

நம் சபையிலிருந்து ஒரு சகோதரி உன்னைப் போலவே ஸ்டாஃபாகப் போனாள். அப்போது நீ சின்னப் பெண். ஒன்றரை வருடம் அவளுடைய கடிதங்களை வாசித்தேன். ஒவ்வொன்றும் வெளிச்சமாக இருந்தது. திடீரென்று திரும்பி வந்தாள். ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை. பின்னால் ஒருநாள் அம்மாவிடம் சொன்னாளாம்: காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையலறை, பகல் முழுக்க வகுப்பு, ராத்திரி மாணவர்களின் அழுகையைக் கேட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி வரை. விடுமுறை நாள் என்று தாளில் இருந்தது, நடப்பில் இல்லை. "ஏன் எழுதவில்லை?" என்று அம்மா கேட்டதற்கு, "எழுதினா சப்போர்ட் நின்னுடும்னு பயம் ஆன்ட்டி" என்றாளாம்.

அவள் பயந்தது வீண் பயமில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பு வேறொரு மிஷனெரி, "இந்த வருடம் ஒருவரும் விசுவாசத்துக்குள் வரவில்லை, நான் சோர்ந்திருக்கிறேன்" என்று உள்ளபடி எழுதியிருந்தார். அடுத்த கமிட்டியில், இவருக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பலன் தெரிகிற இடத்துக்கு அனுப்பலாமா என்று பேச்சு வந்தது. அந்த மேசையில் நானும் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, மினிட்ஸ் மட்டும் எழுதினேன். அந்தக் கடிதத்தை ஆராதனையில் வாசிக்கவும் இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

கேரியின் கதையை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று பார். செருப்புத் தைத்தவர், எத்தனையோ மொழிகளில் வேதத்தை மொழிபெயர்த்தார். 1793-ல் வங்காளத்துக்கு வந்தவர், முதல் ஞானஸ்நானத்தைப் பார்த்தது 1800 டிசம்பர் கடைசியில். கிருஷ்ண பால் என்ற தச்சர். நடுவில் ஏழு வருடம். இது வரைக்கும் பிரசங்கத்தில் வரும். டாரதி வர மாட்டாள். முதலில் வர மறுத்து, கடைசி நேரத்தில் கைக்குழந்தையோடு கப்பல் ஏறிய மனைவி. 1794-ல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அவள் மனம் பேதலித்துப்போய், அப்படியே 1807-ல் இறந்தாள். பக்கத்து அறையில் அவள் கத்திக்கொண்டிருக்க இவர் மொழிபெயர்த்தார் என்று ஒரு வாழ்க்கை வரலாற்றில் படித்தபோது, யாரைப் பற்றி வியப்பது, யாருக்காக அழுவது என்று தெரியாமல் புத்தகத்தை மூடிவைத்தேன்.

பவுல் மறைக்கவில்லை. இரண்டாம் கொரிந்தியர் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார். ஆசியாவில் பட்ட பாட்டை நீங்கள் அறியாமல் இருப்பதில் எங்களுக்கு மனதில்லை, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று எழுதுகிறார். அப்படி ஒரு ஜெபக் கடிதம் நம் கமிட்டிக்கு வந்தால் என்ன செய்வோம் என்று யோசித்தேன். பதிலை எழுத விருப்பமில்லை.

அதனால் கேட்கிறேன். சபைக்கு அனுப்புகிற கடிதத்தை நீ எப்படி வேண்டுமானாலும் எழுது. முடிந்தால் அதிலும் நேராக எழுது. அதில் எழுத முடியாததைத் தனியாக எனக்கு எழுது. நல்லதாக ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதைப் பார்த்து "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்ல மாட்டேன். சொல்ல வாய் வந்தால் அம்மா என்னைப் பார்த்துக்கொள்வாள்.

நீ சுமக்கப் போவது என்ன என்று ஓரளவு ஊகிக்கிறேன். பெருக்குவது, பாத்திரம் கழுவுவது, ஏர்போர்ட்டுக்கு ஆள் எடுக்கப் போவது, அதெல்லாம் நீ செய்துவிடுவாய். கஷ்டம், வாரம் ஒருமுறை ஒவ்வொரு மாணவியோடும் தனியாக உட்காருவதில் இருக்கிறது. உன்னைவிட மூன்று நான்கு வயது சிறியவர்கள், வீட்டை விட்டு முதல்முறை வந்தவர்கள், யாரிடமும் சொல்லாததை உன்னிடம் கொட்டுவார்கள். நீ மனநல மருத்துவர் இல்லை. ஒருத்தி உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினாலோ, யாரோ தன்னிடம் தவறாக நடந்தார்கள் என்றாலோ, "யாரிடமும் சொல்லாதீங்க அக்கா" என்று அவள் கெஞ்சினாலும் அதற்கு வாக்குக் கொடுக்காதே. அங்கே அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதைப் போன முதல் நாளே கேட்டு வைத்துக்கொள். யாரும் இல்லை என்று பதில் வந்தால், அந்த இடத்தைப் பற்றி அதுவே போதுமான தகவல்.

இன்னொன்று. "தேவன் எனக்குச் சொன்னார்" என்ற வார்த்தையைச் சிறியவர்களிடம் பயன்படுத்தும்போது நிதானம் வேண்டும். மாணவியாக இருந்தபோது நீ அதைச் சொன்னால் அது உன் சாட்சி. ஸ்டாஃபாக இருந்து சொன்னால் எதிரே இருக்கிற பெண்ணுக்கு அது உத்தரவு. அவள் யாரைத் திருமணம் செய்ய வேண்டும், படிப்பை விடலாமா என்பதில் உனக்குத் தரிசனம் வந்தால், அதை அவளிடம் சொல்லாமல் ஜெபம் மட்டும் செய். உன் தலைவர்கள் இதே வார்த்தையை உன்மேல் பிரயோகித்தால், ஒரு நாள் அவகாசம் கேள். ஒரு நாள் பொறுக்காத ஆலோசனை தேவனிடமிருந்து வந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விசா விஷயம். எந்தக் கிளை என்று இன்னும் முடிவாகவில்லை என்கிறாய். எதுவானாலும், "சம்பளம் வாங்கவில்லையே, டூரிஸ்ட் விசாவே போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதே. சம்பளமில்லாத வேலையையும் வேலையாகவே பார்க்கிற நாடுகள் நிறைய. பிரிட்டன் என்றால் அறப்பணித் தொண்டர்களுக்கென்று தனி விசா இருக்கிறது. அந்த அமைப்பு ஸ்பான்சர் சான்றிதழ் தர வேண்டும், அதிகபட்சம் 12 மாதம்தான், உன் இரண்டு வருடத்துக்கு அது போதாதே, என்ன செய்வது என்று இப்போதே கேட்டுவிடு. அமெரிக்கா என்றால் ஆர்-1 என்ற, சமய ஊழியர்களுக்கான விசா. அவர்கள் உனக்காக முதலில் மனு போட வேண்டும், முதலில் 30 மாதம் வரை, மொத்தம் 5 வருடத்துக்கு மேல் கிடையாது. ஐரோப்பாவில் ஷெங்கன் நாடுகளுக்குள் குறுகிய கால விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். பாஸ்போர்ட்டை "ஆபீசில் பத்திரமாக வைக்கிறோம்" என்று கேட்டால் கொடுக்காதே. உன் பெட்டியிலேயே பத்திரம்.

எப்பாப்பிரோதீத்துவை நினைத்துக்கொள்கிறேன். பிலிப்பியர் சபை பவுலுக்கு உதவியாக அனுப்பிய ஆள். நீ சொல்கிற ஸ்டாஃப் வேலைதான். போன இடத்தில் சாகும் அளவுக்கு நோய். தான் வியாதிப்பட்டது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று வேறு வருத்தம். பவுல் அவனை இருந்து ஊழியத்தை முடி என்று நெருக்கவில்லை. ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணுங்கள் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதினார். நம் சபையில் அந்தச் சகோதரி வந்தபோது யாரும் அப்படி எழுதிக் கொடுத்திருக்கவில்லை. நாங்களாகவும் செய்யவில்லை. நீ எட்டு மாதத்தில் வந்தாலும் ஏர்போர்ட்டில் நான் நிற்பேன், காரணத்தை வீட்டுக்கு வரும் வரை கேட்க மாட்டேன். அதற்கு மேல் பொறுமை என் சுபாவத்தில் இல்லை, தெரியுமே.

பணம். உன் பெயர் கமிட்டியில் எடுக்கப்படும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன். சபை என்ன முடிவு செய்கிறதோ செய்யட்டும். வீட்டிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை வரும். அம்மாவும் நானும் பேசி முடித்துவிட்டோம். அதற்கு நீ ரசீதும் அனுப்ப வேண்டாம், எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையும் அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அதில் ஒரு பகுதியை உனக்கென்று செலவு செய்ய வேண்டும், முழுவதையும் ஊழியத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

அப்புறம், அமெரிக்கா என்றால் அந்த மனுவுக்கு, குறைந்தது 2 வருடமாக அதே சமயப் பிரிவில் அங்கத்தினராக இருந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். வேறு நாடானாலும் சபைக் கடிதம் உதவும் என்று நேற்று போதகரைப் பார்த்து எழுதி வாங்கிவிட்டேன். அவர் கையெழுத்துக்குக் கீழே செயலாளர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். போட்டுவிட்டேன். ஸ்கேன் செய்து அனுப்பத் தெரியவில்லை, அம்மா சாயங்காலம் அனுப்புவாள். உன் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா