அலறல் விஷயம்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அந்த அலறல் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அம்மா கூப்பிட்டது விடியற்காலை ஐந்து மணிக்கு, எனக்கு அது நடுராத்திரி பன்னிரண்டரை. சீரியலில் ஒரு போலீஸ்காரி கையில் டார்ச்சோடு தனியாக ஒரு இருட்டுக் கட்டடத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள், போன் அடித்தது, பதற்றத்தில் கை பட்டு எடுத்துவிட்டேன், நான் கத்தியது முழுசாக அம்மா காதில் போய் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். மந்திரித்த கயிறெல்லாம் அனுப்ப வேண்டாம் என்று சொல்.

வேலை முடிந்து வந்து சிரிப்புப் படம் பார்க்காமல் ஏன் கொலையைப் பார்க்கிறான் என்று அத்தான் கேட்டாராமே. டிசம்பரில் ஸ்வீடனில், இந்த மால்மோவில், மூன்றரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஆபீஸ் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நம்ம ஊர் வெயிலில் ஆடுகிற பாட்டு ஒன்றைப் போட்டால் ஐந்தாவது நிமிஷம் விமான டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். இந்த ஊர்ச் சீரியலில் ஜன்னலுக்கு வெளியே இருப்பதுதான் திரையிலும் இருக்கும், மழை, சாம்பல் வானம், நனைந்த கோட்டு. ஊர் ஞாபகம் வராது. அதற்காகத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது ‘தி பிரிட்ஜ்’, 2011இல் வந்தது. நான் தினமும் டென்மார்க்கில் இருக்கிற கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போகிற அதே ஒரெசுண்ட் பாலம்தான், நடுவில் சரியாக இரண்டு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் ஒரு பிணம் கிடக்கும். பாதி ஸ்வீடன் பக்கம், பாதி டென்மார்க் பக்கம், அப்புறம் பார்த்தால் அது ஒரே பெண்ணின் உடம்பே இல்லை. ஸ்வீடன் போலீஸ்காரி சாகா, சட்டம் என்றால் சட்டம், ஆம்புலன்ஸைக்கூட விடமாட்டாள். டென்மார்க்காரர் பாவம் பார்த்து விட்டுவிடுவார், உடனே அவர் மேலேயே புகார்! பாலத்தில் கார் மேல்தட்டில் போகும், ரயில் கீழ்த்தட்டில். அதனால் காலையில் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது, தலைக்கு மேலேதான் அந்த இடம் என்று தோன்றும். எட்டுக் கிலோமீட்டர் போனதும் கடலில் ஒரு செயற்கைத் தீவு வரும். பக்கத்தில் ஏற்கெனவே உப்புத் தீவு என்று ஒன்று இருப்பதால் இதற்கு மிளகுத் தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

சரி, நான் எழுத வந்தது வேறு. அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தது ‘தி கில்லிங்’, 2007இல் வந்த டேனிஷ் சீரியல். முதல் சீசன் இருபது எபிசோட், ஒரு எபிசோடுக்கு ஒரு நாள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி கொலையாகிவிடுகிறாள். அவள் உடல் இருக்கிற காரைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போது அவள் அப்பா அங்கே நிற்கிறார், அம்மா போனில் இருக்கிறாள். அவர் கதறுவது போன் வழியாகத்தான் அவளுக்குக் கேட்கிறது. நம்ம படம் என்றால் ஒரு சோகப் பாட்டு, அடுத்த சீனில் ஹீரோ அரிவாளோடு கிளம்பிவிடுவான். இங்கே அந்த வீட்டை விட்டு கேமரா போகவே மாட்டேன் என்கிறது. அப்பா வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி வைத்துத் தொழில் செய்பவர், இன்னும் இரண்டு சின்னப் பையன்கள், அவர்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும், பள்ளிக்கூடம் அனுப்பியாக வேண்டும். யார் கொலைகாரன் என்பது எனக்கு ஒரு கட்டத்துக்கு மேல் மறந்தே போனது. அந்தச் சமையலறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போன செய்தி எனக்கும் போனில்தான் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்கே ராத்திரி கிளம்பி வந்துவிட்டேன், லீவு அவ்வளவுதான் என்று சொன்னேன். இன்னும் நான்கு நாள் கேட்டிருக்கலாம், கொடுத்திருப்பார்கள். நான்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீடு எப்படி இருந்தது என்று நீயும் சொல்லவில்லை. அன்றைக்கு என் அலறலைக் கேட்டு அம்மா ஏன் அவ்வளவு பயந்தாள் என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுவதானால் மிளகுத் தீவோடு நிறுத்திக்கொள். எனக்கு மட்டும் எழுது: பதினேழாம் நாள் காலையில் அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள், அன்றைக்கு யார் சமைத்தீர்கள், அப்பா நாற்காலியை எங்கே போட்டீர்கள்?

உன் தம்பி