பெயர் யார் கையில்?

அன்புள்ள இராமநாதனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம்.

நீ பங்களித்துவரும் மென்பொருள் திட்டத்தில் கருத்து வேறுபாடு முற்றி, ஒரு சாரார் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனிக் கிளை தொடங்கப்போவதாக எழுதி, எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டிருந்தாய். ஓபன் ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார்.

2010 தொடக்கத்தில், அதை நடத்திவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் வாங்கியபின், அத்திட்டத்தில் நெடுநாள் உழைத்தவர்கள் நம்பிக்கை இழந்து, அந்தச் செப்டம்பரில் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்து, அதே நிரலிலிருந்து லிப்ரே ஆபிஸ் என்ற தனிக் கிளையைத் தொடங்கினார்கள். அவர்கள் பிரிந்தது சரியே என்பது என் உறுதியான எண்ணம்; எழுதிய நிரலின் பதிப்புரிமையில் நிறுவனத்துக்கும் பங்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் எத்தனை காலம்தான் தன்னார்வலர்கள் உழைப்பார்கள்? ஆனால் அவர்கள் கேட்ட பழைய பெயரை ஆரக்கிள் தரவில்லை. 2011 ஜூனில் நிரலையும் பெயரையும் திறந்த மூல மென்பொருள்களைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது.

அதன்பின், நிரலை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் உரிமம் இரு கிளைகளுக்கும் வேறு வேறாயிற்று. அப்பாச்சி உரிமத்தில் வந்த நிரலை லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபிஸில் எழுதப்பட்ட திருத்தங்களோ அவற்றின் உரிமம் காரணமாகத் திரும்பிப் போக முடியாது. உழைப்பவர்கள் ஒரு பக்கம் சேர, மக்கள் அறிந்த பெயர் மறுபக்கம் தங்கியது. பாதுகாப்புக் குறைகளைத் திருத்தவே ஆள் போதாமல், 2016-இல் திட்டத்தை மூடிவிடலாமா என்று அப்பாச்சியிலேயே பேச்சு எழுந்தது. அப்போதும் பழைய பெயரைத் தேடி வந்து அதையே நிறுவிக்கொண்டவர்களுக்கு இந்தப் பிணக்கு எதுவும் தெரியாது. அவர்களை நினைத்துத்தான் எனக்கு இன்றும் வருத்தம்.

இதற்கு நேர்மாறாக, 1997-இல் ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பியிலிருந்து (எழுதிய நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) பிரிந்த ஈஜிசிஎஸ் கிளை விரைவாக வளர்ந்தபோது, 1999-இல் அதையே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்றுக்கொண்டார்கள். உரிமம் ஒன்றாக இருந்ததும், பெயரை வைத்திருந்தவர்கள் அதை விட்டுக்கொடுத்ததும் பிளவை ஆற்றின.

ஆகவே பக்கம் பார்ப்பதற்கு முன், உங்கள் திட்டத்தின் பெயரும் இணைய முகவரியும் யார் பொறுப்பில் பதிவாகியிருக்கின்றன என்று விசாரி. பிரிவதே முடிவானால், புதிய கிளையும் இப்போதுள்ள உரிமத்திலேயே தொடர வேண்டுமென்று இரு தரப்பிடமும் வலியுறுத்து. விசாரித்தபின் எனக்கு எழுது.

அன்புடன்,
சண்முகம்