சரோவுக்கு, குதிகால் விஷயமாக

சுபாங் ஜெயா
ஞாயிறு காலை

அன்புள்ள சரோ,

முதலில் திட்டி முடித்துவிடு. அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துவிட்டு பட்டர்வொர்த்தில் பஸ் ஏறியவள்தான், ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பொங்கலுக்கு வாட்ஸாப்பில் அனுப்பிய பானைப் படம் கணக்கில் வராது என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. எல்லாரும் சுகம். ரவிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, தே தாரேக் பால் டீயை மட்டும் விடமாட்டாராம். மாமியார் வழக்கம்போல். அந்தப் பேச்சை எடுத்தால் கடிதம் அங்கேயே நின்றுவிடும்.

எழுத வந்தது தாராவைப் பற்றி. சரியாகச் சொன்னால் என்னைப் பற்றி. அதற்குக் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டும், பொறுத்துக்கொள்.

சன்வே பிரமிட் மால் ஐஸ் ரிங்குக்கு யாருடைய பிறந்தநாளுக்கோ போய், பென்குயின் பொம்மையைத் தள்ளிக்கொண்டு பனியில் நின்ற பிள்ளை இவள். ஐஸ் ஸ்கேட்டிங் தொடங்கி மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஐஸ் மேல் விழுவதற்குக் காசு கட்டுகிறோம் என்று நீ சிரித்தாய். சிரி. சால்கோ, டோ லூப் என்று இரண்டு தாவல் வந்துவிட்டன. பரதநாட்டிய டீச்சர் அரைமண்டியில் உட்கார வைத்து உயிரை எடுத்தாரே, அதுதான் இப்போது கைகொடுக்கிறது. மற்றப் பிள்ளைகளிடம் “முட்டியை மடக்கு” என்று கத்தும் கோச் இவளைப் பார்த்துக் கத்துவதில்லை. இப்போது ஆக்ஸல் பைத்தியம். மற்றத் தாவல்களில் பின்பக்கமாகப் போய்க்கொண்டே எழும்ப வேண்டும். இது ஒன்றில்தான் முன்னால் பார்த்துக் குதிப்பது. இறங்குவது என்னவோ எல்லாவற்றிலும் பின்பக்கமாகத்தான், அதனால் ஒரு சுற்று போதாது, ஒன்றரை வேண்டும். 1882இல் ஆக்ஸல் பால்சன் என்ற நார்வேக்காரர் தொடங்கி வைத்த வினை, இன்றைக்கு என் வீட்டுச் சோபாவில் இருந்து அது குதிக்கிறது.

இந்த நேரத்தில்தான் ‘சம்மர் கேம்ப்’ பேச்சு வந்தது. கோலாலம்பூரில் எந்த மாதம்தான் சம்மர் இல்லை என்று கேட்காதே, நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ரவிக்கு மனசு கனடாவில். ஜூலியன் யீ இங்கே மால் பனியில் கற்றுக்கொண்டவர்தானே, 2017 தென்கிழக்கு ஆசிய (சீ) விளையாட்டில் தங்கம், 2018இல் பியோங்சாங். நம் நாட்டில் இருந்து குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் ஆள். அவரும் கனடாவில் போய்ப் பயிற்சி எடுத்தார், ஆகவே தாராவும் போக வேண்டும். இது ரவி கணக்கு. ஜூலையில் மூன்று வாரம், பள்ளிக்கு மட்டம், யாரோ ஒரு குடும்பத்தோடு தங்கல். மொத்தச் செலவு எங்கள் பழைய மைவி காரை விற்றாலும் காணாது.

விளம்பரத்தில் ‘தினம் ஆறு மணி நேரம்’ என்று போட்டிருந்தார்கள். அட்டவணையை அனுப்பச் சொன்னேன். பனியில் இரண்டரை மணி நேரம். மீதி நீட்டிப் பயிற்சி, நடனம், வீடியோ பார்ப்பது, மதியச் சாப்பாடு. தனி வகுப்புக்குத் தனிக் காசு. குறை சொல்லவில்லை, சோறு வேண்டாமா பிள்ளைக்கு? ஆனால் போன வருஷம் இங்கே ஒரு கேம்பில் சூடு பட்டவள் நான். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கோச். ஐந்து நாளில் பாதி நேரம் என் மகள் ஓரப் பலகையில் சாய்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தாள். அதிலிருந்து யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, ஒரு கோச்சுக்கு எத்தனை தலை?

தேடித் தேடிக் கடைசியில் இங்கேயே ஒன்று கிடைத்தது. பள்ளி விடுமுறையில் ஐந்து நாள், மால் திறக்கும் முன்னால், ஒரு கோச்சுக்கு ஆறு பேர். ஆக்ஸலுக்கு இடுப்பில் பெல்ட் மாட்டிக் கம்பில் தூக்கிப் பிடிப்பார்களாம். மற்றவர்களெல்லாம் “என்னென்ன ஜம்ப் வருகிறது?” என்றார்கள். இந்தக் கேம்ப் கோச்சம்மா ஒருத்திதான் வேறு மாதிரிக் கேட்டார்: பூட் வாங்கி எத்தனை மாதம், இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தாள், எங்கேயாவது வலி இருக்கிறதா.

“வலி எதுவும் இல்லை” என்றேன், சரோ.

இருக்கிறது. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்தால் நொண்டுகிறாள். குதிகாலை இரண்டு பக்கமும் அழுத்தினால் கத்துகிறாள். ஒரே வருஷத்தில் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். கிளினிக் டாக்டர் எலும்பு முறிவு இல்லை என்றார்; குதிகால் எலும்பின் வளரும் பகுதியைப் பின்கால் தசை இழுக்கிறது, சீவர்ஸ் என்று பேர், இந்த வயதில் வருவதுதான், தானாகப் போய்விடும், அதுவரை தாவல் வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு “கோச்சிடம் சொல்லாதேம்மா” என்றாள். அந்த முகத்தைப் பார்த்து நான் தலையாட்டினேன். படிவத்திலும் ‘இல்லை’ என்ற கட்டத்தில்தான் கோடு போட்டேன். என் கைதான் போட்டது, ரவியைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் பத்துமலைக்கு ரவிதான் பொறுப்பு. கால் பலத்துக்கு என்று ஞாயிறுதோறும் 272 படியும் இரண்டு தடவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். முருகன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக வேண்டாம் என்று நிறுத்தினேன். இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை.

இந்தக் கேம்பில் ஐந்து நாளும் நாலு நாலு மணி நேரம் என்றால் இருபது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஒரே விளையாட்டில் வாரத்துக்குப் பதினொரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உங்கள் பிசியோ ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களாமே, அது நிஜமா? எனக்கு ஒரு ஆறுதல், 2022இல் சீனியர் போட்டிக்கான வயதை 15இலிருந்து 17க்கு ஏற்றிவிட்டார்கள். அப்படிப் பார்த்தால் அவளுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். “ஆறு வருஷத்தில் எனக்கு வயசாகிடும்” என்கிறாள்.

நான் உன்னைக் கேட்பது இதுதான். சறுக்கும்போது வலி இல்லையாம். ஓடும்போதும் தாவி இறங்கும்போதும்தான். தாவலே இல்லாமல், எட்ஜும் (பிளேடின் ஓரத்தில் சறுக்குவது) சுழற்சியும் மட்டும் செய்ய அனுப்பலாமா? இல்லை மொத்தமாக வேண்டாமா? பிசியோவாகச் சொல், அத்தையாகச் சொல்லாதே, அத்தை அனுப்பிவிடுவாள். எது சொன்னாலும் செவ்வாய்க்கிழமை அந்தக் கோச்சம்மாவைக் கூப்பிட்டு நான் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன். அதற்குமுன் உன் குரலைக் கேட்க வேண்டும். திங்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, ஸ்பீக்கரில் போடமாட்டேன்.

மணி சாரின் ரிலே ஓட்டத்துக்கு முந்தின நாள் நீயும்தான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கணுக்கால் மழை வந்தால் இன்னும் வலிக்கிறதா?

உன்,
கவி

பி.கு.: யாராவது இந்தப் பக்கம் வந்தால் பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்துவிடு. சர்க்கரை போடாதது, ரவிக்கு.