என் மகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

இந்த மடலை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "யார் பேரும் வேண்டாம், மத்தபடி எழுதிக்கோம்மா" என்றாள். அதனால் பேர் சொல்லாமலே நன்றி சொல்கிறேன்.

முதலில் அவளுடைய தோழிக்கு. பதினாறு வயதில் தோழியின் ரகசியத்தை அவள் அம்மாவிடம் வந்து சொல்வது லேசான காரியம் இல்லை, கண்ணு. அவள் பழகுகிற பையன், அவள் எங்கே இருக்கிறாள் என்று எந்நேரமும் போனில் காட்டச் சொல்கிறான், பாஸ்வேர்டை வாங்கி வைத்திருக்கிறான், உன்னோடு பேசக் கூடாது என்கிறான் என்றெல்லாம் நீ சொல்லி முடித்ததும் நான் கேட்டது ஒன்றுதான்: "அடிச்சானா?" இல்லை என்றாய். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆலோசகர் மேடம், அந்த நிம்மதியைக் கலைத்தவர் நீங்கள். 1980களில் அமெரிக்காவின் டுலூத் நகரில், துணைவரின் கொடுமையை அனுபவித்த பெண்களிடம் கேட்டு வரைந்த சக்கரப் படம் ஒன்றைக் காட்டினீர்கள். அடி உதை எல்லாம் வெளிவட்டத்தில். உள்ளே மிரட்டல், மட்டம் தட்டுதல், வேண்டியவர்களிடமிருந்து பிரித்தல், பழியை அவள் மேலேயே திருப்புதல். ஒவ்வொன்றிலும் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். எல்லாம் என் கண்முன் நடந்தவைதான். பதில் அனுப்ப ஐந்து நிமிடம் தாமதமானால் அவள் முகம் வெளுத்துவிடும். கூடைப்பந்தை விட்டாள். படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்!

போனைப் பிடுங்குவதாகத்தான் இருந்தேன். "அவளைக் கட்டுப்படுத்த இன்னொரு ஆள் ஆகிடாதீங்க" என்றீர்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னீர்கள். விலகுகிற நேரம்தான் ஆபத்து அதிகம், அன்று யார் கூடப் போவது, யாரைக் கூப்பிடுவது என்று முன்னாலேயே அவளோடு பேசி முடிவு செய்ய வைத்தீர்கள். "நீ போனா செத்துடுவேன்" என்று அவன் எழுதியபோது, அவள் அவனிடம் ஓட வேண்டியதில்லை, ஆனால் அவன் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே தெரிய வேண்டும் என்றீர்கள். அவனும் ஒரு பிள்ளைதானே.

வகுப்பாசிரியர் சாருக்கு: யாருக்கும் காரணம் சொல்லாமல் இடம் மாற்றிக் கொடுத்ததற்கும், சில வாரங்கள் வாசல்வரை கூடவே நடந்து வந்ததற்கும் நன்றி.

தங்கச்சி, "ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் மேசைக்கடியில் காலை மிதித்தாயே, அதற்கு. அவள் முதலில் வாய் திறந்தது உன்னிடம்தான். கொஞ்சம் பொறாமையாக இருந்தது, சரி, பரவாயில்லை.

அப்புறம் தோழிக்கு இன்னொன்று. நீதான் சொன்னாய் என்பதை நான் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம்.